“எப்பவும் இப்படித்தானா?” – காய்ச்சல்காரரின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு மடல்

வீட்டில் காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்ளும் மகள்களே, மருமகள்களே, மகன்களே, மனைவிமார்களே, வீட்டோடு தங்கி முதியோரைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களே,

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் பொதுமருத்துவம் பார்க்கிறவன். மழைக்காலம் நெருங்கும்போது இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் இன்ஃப்ளுயன்சா என்ற ஃப்ளு காய்ச்சல் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறி இறங்கும். ஸ்ரீநகரில் அது குளிர்காலத்து நோய். சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையைத் தொட்டுக்கொண்டு அக்டோபர், நவம்பரில் தலைதூக்கும். தீபாவளி முடிந்த வாரங்களில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டு படுத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கொரோனா வந்துபோனதிலிருந்து நம் வீடுகளில் ஒரு நல்ல பழக்கம் நிலைத்திருக்கிறது. காய்ச்சல் என்றதும் விரல்நுனியில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறோம். 97 என்றால் நிம்மதி, 92 என்றால் பதற்றம். மூச்சைக் கவனிக்க நம் ஊர் கற்றுக்கொண்டுவிட்டது. அதே காய்ச்சல் மூளையையும் நரம்பையும் தொடக்கூடும் என்பதை மட்டும் நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. “குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும்” என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். நாற்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் சாதாரண ஃப்ளு காய்ச்சலே குழப்பத்தையும் வலிப்பையும் பக்கவாதத்தையும் கால் செயலிழப்பையும் கொண்டுவரலாம் என்பது படித்தவர்கள் வீட்டிலும் செய்தியாகவே இருக்கிறது.

இது அரிது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஃப்ளு வந்த பெரும்பாலோர் ஒரு வாரம் படுத்து, கஞ்சி குடித்து, எழுந்து வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடிப் பேரை இந்தக் கிருமி பிடிக்கிறது. அவர்களில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் வரை உயிரிழப்பு என்று அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு, மூச்சு தொடர்பான மரணங்களை மட்டும் சேர்த்தது. ஃப்ளு வந்த வாரத்தில் பக்கவாதத்தில் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அரிது என்றாலும் கூட்டிப் பார்த்தால் சிறிய எண்ணிக்கையாக இருக்காது.

இதை மருத்துவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்கலாம்.

கேஷுவாலிட்டியில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார்கள் என்று வையுங்கள். காய்ச்சல் 101. நாடித்துடிப்பு சற்று அதிகம். ஆக்சிஜன் 95. பெயரைக் கேட்டால் சொல்கிறார். “இது எந்த இடம்?” என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு “நம்ம வீடுதான்” என்கிறார். அவரை வாழ்நாளில் முதல்முறையாக அந்த நிமிடத்தில்தான் நான் பார்க்கிறேன். அவருக்கு ஏற்கெனவே மறதி இருந்ததா, காது மந்தமா, நேற்றுவரை பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரா, எனக்குத் தெரியாது. அதனால்தான் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, “எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்கான பதில் ஸ்கேனில் வராது. ரத்தப் பரிசோதனையிலும் வராது. உங்களிடம்தான் இருக்கிறது.

அந்தப் பதில் பல நேரம் தவறான வாயிலிருந்து வருகிறது. வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்து சேர்ந்த மகன், “வயசாயிடுச்சு டாக்டர், அப்படித்தான்” என்று முடித்துவிடுகிறார். தினமும் சோறு போட்டு, மாத்திரை எடுத்துக்கொடுத்து, ராத்திரி எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போகிற மருமகள் பின்னால் நிற்கிறார். அவருக்குத் தெரியும், மாமா நேற்று மதியத்திலிருந்து ஆளே மாறிப்போயிருக்கிறார் என்று. சொல்ல வாயெடுத்தால், “நீ சும்மா இரு” என்கிறார்கள். அம்மா, தயவுசெய்து சும்மா இருக்காதீர்கள். முன்னால் வந்து சொல்லுங்கள். வீட்டுவேலைக்கு இருப்பவர் கவனித்திருந்தால் அவரும் வந்து சொல்லட்டும். நீங்கள் சொல்லும் இரண்டு வாக்கியம் எங்கள் வேலையில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாற்றம் பெரும்பாலும் சிறியதாகவே தொடங்கும். தினமும் பார்க்கும் செல்போனைத் திறக்கத் தெரியாமல் விழிப்பார். மகளை அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கழிவறைக்கு எழுந்தவர் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பார். இறந்துபோன மனைவி கடைக்குப் போயிருக்கிறாளா என்று கேட்பார். போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார். அதிர்ந்து பேசாத மனிதர் தட்டைத் தூக்கி எறிவார். இப்படி ஆர்ப்பாட்டமாக வந்தால் வீடு எப்படியும் கலவரப்பட்டு மருத்துவமனைக்கு ஓடிவந்துவிடும். எனக்கு அதிகக் கவலை தருவது அமைதியாக வருகிற வகை. பேச்சு குறையும். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, ஒரு சொல் சொல்லிவிட்டு, மறுபடி மூடிக்கொள்வார். வாயில் வைத்த இட்லி மெல்லப்படாமல் அப்படியே இருக்கும். “ரெண்டு நாளா தூங்கலை, இன்னைக்குத்தான் நல்லாத் தூங்குறார்” என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்கள். தூங்குகிறவரை எழுப்பினால் எழுந்து, யார் என்ன என்று தெரிந்து, தண்ணீர் கேட்க வேண்டும். அப்படி எழாதவர் தூங்கவில்லை. அவருடைய மூளை மங்கிக்கொண்டிருக்கிறது.

முதியவர்களைப் பற்றி இன்னொன்று. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ளு வந்தாலும் காய்ச்சல் பெரிதாக அடிக்காமல் போகலாம். இருமலும் லேசாகவே இருக்கலாம். திடீர்க் குழப்பமோ, நடக்கும்போது தடுமாறி விழுவதோதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். “விழுந்ததால் குழம்பிட்டார்” என்று நாம் நினைப்போம். பல நேரம் குழம்பியதால்தான் விழுந்திருப்பார்.

நம் வீடுகளில் இதற்குச் சொல்லும் காரணங்கள் பழையவை. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்பார்கள், ஜன்னி கண்டுவிட்டது என்பார்கள், எங்கோ போகும்போது காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்பார்கள். நம் பாட்டிமார்களை நான் குறைசொல்ல மாட்டேன். காய்ச்சலோடு பிதற்றல் சேர்ந்தால் ஆபத்து என்று அவர்கள் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்கள் கையில் மருத்துவம் இல்லை, அவ்வளவுதான். நம் கையில் இருக்கிறது. ஆகவே கயிறு மந்திரித்துக் கட்ட வேண்டுமென்றால் கட்டுங்கள், ஆனால் ஆம்புலன்சில் ஏற்றியபிறகு கட்டுங்கள். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது ஒருவர் ஏதோ உளறிவிட்டு, பாராசிட்டமால் கொடுத்து ஈரத்துணி போட்டதும் முழுதாகத் தெளிந்து எழுந்து உட்கார்ந்தால், அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கண்காணிக்கலாம். காய்ச்சல் இறங்கியும் தெளிவு வரவில்லை என்றால் அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்கக் கூடாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1918 ஜூனில் கப்பலில் வந்த போர்வீரர்களோடு பம்பாய்க்குள் நுழைந்த ஃப்ளு பெருந்தொற்று இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலும் நல்ல வயதில் இருந்தவர்கள். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் மனநல மருத்துவமனைக்கு, ஃப்ளு வந்து புத்தி பேதலித்தவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். கார்ல் மெனிங்கர் என்ற இளம் மருத்துவர் அப்படிப்பட்ட நூறு பேரைப் பற்றி 1919இல் எழுதினார். அவர்களில் பலருக்கு மனச்சிதைவு போன்ற அறிகுறிகள். நிரந்தரப் பைத்தியம் என்று ஊர் முடிவுகட்டியிருக்கும். சில ஆண்டுகள் கழித்து அவர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது பெரும்பாலோர் தேறிவிட்டிருந்தார்கள். இந்தச் செய்தி எனக்கு மிகப் பிடித்தமானது. ஃப்ளு கலைத்துப்போட்ட மனம் திரும்பி வரும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி அது.

அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், முதல் உலகப்போருக்குப் பிந்தைய சமாதான மாநாட்டுக்காகப் பாரிஸில் தங்கியிருந்தபோது 1919 ஏப்ரலில் இன்ஃப்ளுயன்சாவில் படுத்தார். எழுந்தபிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று உடனிருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். வீட்டில் இருந்த பிரெஞ்சுப் பணியாளர்கள் எல்லோரும் ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டார். வீட்டு மேசை நாற்காலிகளைப் பற்றி விசித்திரமாகக் கவலைப்பட்டார். அது ஃப்ளுவின் வேலையா, சிறு பக்கவாதமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. அதிபர் மாறிவிட்டார் என்று கண்டவர்கள் அவருடைய வீட்டு நிர்வாகியும் அந்தரங்கப் பணியாளர்களும்தான். தினமும் பக்கத்தில் இருந்தவர்கள்.

(வியன்னாவில் 1917இல் கான்ஸ்டன்டின் வான் எக்கனோமோ விவரித்த ‘தூக்க நோய்’ மூளையழற்சியையும் 1918 ஃப்ளுவையும் முடிச்சுப்போட்டு எழுதுவார்கள். அந்த முடிச்சு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எங்காவது படித்தால் அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.)

மூக்கையும் தொண்டையையும் பிடிக்கிற கிருமி மூளைக்கு எப்படிப் போகிறது? பெரும்பாலும் போவதே இல்லை. ஃப்ளுவால் மூளை பாதிக்கப்பட்டவரின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் அதில் வைரஸ் அநேகமாகக் கிடைக்காது. கேட்டைச் செய்வது பெரும்பாலும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. கிருமியை எதிர்க்கச் சுரக்கும் வேதிப்பொருட்கள் அளவு மீறும்போது ரத்தநாளச் சுவர்கள் கசிகின்றன, மூளை வீங்குகிறது. பயிரில் புகுந்த மாட்டை விரட்ட ஓடிவந்த கூட்டமே வயலை மிதித்து நாசமாக்கிவிட்டுப் போவது போன்றது. மிகக் கடுமையான வகையில் மூளையின் நடுவே இருபுறமும் உள்ள தாலமஸ் பகுதிகள் அழுகிப்போகின்றன. ஜப்பானிய மருத்துவர்கள் 1990களில் குழந்தைகளிடம் விவரித்த நோய் அது, பெரியவர்களுக்கும் வருகிறது. இன்னொரு வகையில் மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒரு சிறு வெண்புள்ளி தெரியும், ஆள் குழம்பிப்போயிருப்பார், சில வாரங்களில் புள்ளியும் மறையும், குழப்பமும் மறையும். இரண்டுக்கும் தொடக்கம் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எது என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

இதிலிருந்து உங்களுக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. வைரஸ் மூளையில் கிடைக்காது என்பதால், சோதனை மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் எடுக்கும் ஸ்வாபில்தான். ஆனால் குழப்பமோ வலிப்போ வரும் நேரத்தில் சளி குறைந்திருக்கும். வீட்டார் வலிப்பைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். மருத்துவரும் வேறு காரணங்களைத் தேடிக்கொண்டிருப்பார். “அஞ்சு நாளைக்கு முன்னாடி சளி, உடம்பு வலி, காய்ச்சல் இருந்துச்சு. வீட்டுல இன்னும் ரெண்டு பேருக்கு வந்துச்சு” என்று நீங்கள் சொன்னால்தான் ஸ்வாப் எடுக்கத் தோன்றும். நம் ஊரில் டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், எலிக்காய்ச்சல், மலேரியா என்று ஆளைக் குழப்பக்கூடிய காய்ச்சல்கள் வேறு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எனவே உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு இருக்கிறதா, வயல்வேலைக்குப் போனாரா, தேங்கிய தண்ணீரில் நடந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்று மருத்துவர் கேட்டால் பல வீடுகளில் கூட்டமே கூடிவிடுகிறது. “முதுகுல ஊசி போட்டா கால் வராமப் போயிடும்” என்ற பயம். தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்கும் கீழே, நீரும் அதில் மிதக்கும் நரம்பிழைகளும் மட்டும் உள்ள இடத்தில். அந்த நீரில் ஃப்ளு வைரஸைத் தேடுவதைவிட, பாக்டீரியா மூளைக்காய்ச்சலோ, ஹெர்பிஸ் மூளையழற்சியோ, காசநோயோ இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே முக்கியமாக எடுக்கிறோம். அவற்றைத் தவறவிட்டால் உயிர் போகும். சம்மதக் கையெழுத்துக்காக மூன்று மணி நேரம் சொந்தக்காரர்களுக்கு போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம். காய்ச்சல்காரர் குழம்பினால் உடனே மூளையழற்சி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் காய்ச்சலில் வாய் கசந்து சாப்பிடாமல் கிடப்பார். மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்துவிடுவோம். சர்க்கரை ஐம்பதுக்குக் கீழே போய், வேர்த்து, உளறி, மயங்கிவிடுவார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு இது எளிதில் நடக்கும். குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சர்க்கரை 70க்குக் கீழே இருந்து, ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அடுத்தது உப்பு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள், உப்பில்லாக் கஞ்சியும் வெந்நீருமாக நாலு நாள் ஓட்டினால் சோடியம் இறங்கிவிடும். அதுவும் குழப்பமாகவும் வலிப்பாகவும்தான் வெளிப்படும். சாப்பிடாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று காய்ச்சல் வந்த முதல் நாளே உங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாய் கோணுவது, கை விழுவது, பேச்சுக் குழறுவது என்று அறிகுறிகள் உங்களுக்குத் தெரியும். தெரியாதது காய்ச்சலுக்கும் அதற்கும் உள்ள உறவு. பிரிட்டனில் பொதுமருத்துவர்களின் பதிவேடுகளை வைத்து 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, கடுமையான சுவாசத் தொற்று வந்த முதல் மூன்று நாட்களில் பக்கவாதம் வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் உயர்வதைக் காட்டியது. பிறகு வாரம் வாரமாக இறங்குகிறது. தொற்றின்போது ரத்தம் உறையும் தன்மை கூடுவது ஒரு காரணம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. “காய்ச்சல் அசதியில கை தூக்க முடியலை” என்று சொல்லி அந்த நாலரை மணி நேரத்தையும் வீட்டிலேயே கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் உடைந்துபோகிறது. அசதி இரண்டு கையிலும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இருப்பது அசதி ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ, இதய மருத்துவர் தந்த ஆஸ்பிரினோ எடுப்பவர்கள், காய்ச்சல் என்று தாங்களாக அதை நிறுத்தவும் கூடாது.

கடைசியாக வருவது தாமதமாக வருவது. ஃப்ளு போய் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகியிருக்கும். வேலைக்குக்கூடப் போயிருப்பார். திடீரென்று பாதம் மதமதக்கும். செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று போகும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. அடுத்த நாள் படியேற முடியாது, அதற்கடுத்த நாள் கை தூக்கித் தலை வார முடியாது. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும் இந்தத் தளர்ச்சிக்கு கியான் பாரே நோய் என்று பெயர். 2025 தொடக்கத்தில் புனேயில் பலரைத் தாக்கியபோது ஜிபிஎஸ் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். புனேயில் காரணம் மாசுபட்ட தண்ணீர் வழியாக வந்த குடல் கிருமி. அதே வேலையை ஃப்ளுவும் செய்யும். கிருமியை எதிர்க்க உருவான அணுக்கள் நரம்பையே தாக்கும். கால் போவது பயமாக இருந்தாலும், உண்மையான ஆபத்து மூச்சுத் தசைகள் தளர்வதுதான். ஆக்சிமீட்டர் 98 காட்டிக்கொண்டே இருக்கும். கடைசி நேரத்தில்தான் சரியும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். நேற்று இருபத்தைந்து வரை எண்ணியவர் இன்று பத்தில் நிறுத்தினால் வெண்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இம்யூனோகுளோபுலின் மருந்தோ, பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையோ இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. ஸ்டீராய்டு இதற்கு உதவாது. சத்து ஊசி, குளுக்கோஸ் பாட்டில் என்று இடையில் நாட்களை வீணாக்க வேண்டாம். இந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் ஆறு மாதத்தில் தாமாக நடக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியுள்ள பொருட்களை நகர்த்துங்கள், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், முடிந்தால் செல்போனில் படம் பிடியுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. தானாக நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும். பல்லுக்கு நடுவே கரண்டி வைக்காதீர்கள். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு நிலவேம்பு கஷாயமோ, சோடாவோ, தண்ணீரோ புகட்டவே புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய், மூளைப் பாதிப்பிலிருந்து தப்பியவரை நிமோனியாவில் கொண்டுபோய் விடும். எனக்கு இந்த மடலில் ஒரே ஒரு வரியை மட்டும் சொல்ல அனுமதித்தால் இதைத்தான் சொல்வேன்.

மருந்தைப் பொறுத்தவரை, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் கலந்துகட்டித் தரும் பொட்டலத்தில் வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் இருக்கலாம்; உள்ளே என்ன என்று தெரியாத மாத்திரையை விழுங்கக் கூடாது. ஃப்ளுவுக்கு என்றே உள்ள மருந்து ஓசெல்டாமிவிர். அரசு மருத்துவமனைகளில் இலவசம். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மூளை பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அதற்குப் பிறகும் கொடுப்போம். முதியோர், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், ஆஸ்துமா உள்ளவர்கள் மூன்றாம் நாள்வரை கைவைத்தியம் பார்த்துவிட்டு வருவதை விட்டுவிட வேண்டும்.

2009 பன்றிக்காய்ச்சல் காலத்திலிருந்து நம் நாட்டு அரசு வழிகாட்டுதல் ஃப்ளு நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. சி என்றால் உடனே சேர்த்துச் சிகிச்சை தர வேண்டியவர்கள். அந்தப் பட்டியலில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நகம் நீலமாவது, சளியில் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்குவது ஆகியவற்றோடு ‘தூக்கக் கலக்கம்’ என்பதும் இருக்கிறது. அதாவது, நீங்கள் மருத்துவமனைக்கு வந்து “ஆள் தூக்கக் கலக்கமாவே இருக்கார்” என்று சொன்னால், அது வீட்டார் பதற்றம் என்று ஒதுக்கப்பட வேண்டிய புகார் ஆகாது. “வைரல் ஃபீவர்தான், போய்ட்டு வாங்க” என்று யாராவது அனுப்பினால், இந்த ஒரு சொல்லை மறுபடி அழுத்திச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், விட்டுக்கொடுக்கவும் வேண்டாம்.

தேறி வீடு திரும்பியவர்களிடம் கொஞ்சம் பொறுமை வேண்டும். உடம்பு எழுந்துவிடும், கவனம், நினைவு, தூக்கம் இவையெல்லாம் சரியாக வாரங்களோ மாதங்களோ ஆகலாம். மயக்கத்தில் அவர் பேசியதை வைத்து வீட்டில் கேலி செய்யாதீர்கள். பலர் அதை நினைத்து வெட்கப்பட்டு ஒடுங்கிப்போகிறார்கள். வலிப்பு வந்தவர் மருத்துவர் சரி என்னும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

தடுப்பூசி பற்றிக் கேட்பீர்கள். “அந்த ஊசியாலேயே ஜிபிஎஸ் வரும்னு சொல்றாங்களே” என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் தென்பட்டது. பெருந்தொற்று வரப்போகிறது என்று அஞ்சி அரசு நாலு கோடிக்கும் மேற்பட்டோருக்கு அவசரமாக ஊசி போட்டது. பெருந்தொற்று வரவில்லை. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக ஜிபிஎஸ் வந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பயம் நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைய ஊசிகளின் கணக்கு வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பத்து லட்சம் தடுப்பூசிகளுக்குச் சுமார் ஒருவருக்குக் கூடுதலாக ஜிபிஎஸ் வந்தது; ஃப்ளு என்று மருத்துவரிடம் வந்தவர்களிலோ பத்து லட்சத்துக்குச் சுமார் 17 பேருக்கு வந்தது. ஊசிக்குப் பயந்து நோயை வாங்கிக்கொள்வது நல்ல பேரம் இல்லை. முன்பே ஜிபிஎஸ் வந்தவர்கள் மட்டும் மருத்துவரிடம் கலந்து பேசி முடிவெடுக்கட்டும்.

ஊசி எல்லாத் தொற்றையும் தடுத்துவிடாது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியிருக்கிறது. விலையும் பல குடும்பங்களுக்குச் சுமைதான். முதியோருக்கேனும் இதை அரசே இலவசமாகப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும்வரை, வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலில் போடுங்கள். அடுத்ததாக உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் தங்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை; பெரியவருக்குக் கிருமி வருவதோ பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள் வழியாகத்தான். ஊசி வேலைசெய்ய இரண்டு வாரம் பிடிக்கும். புரட்டாசி முடிவதற்குள் போட்டுவிடுங்கள். அதையும் மீறி இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் காய்ச்சல்காரர் ஆள் மாறிப்போனால், ராத்திரி எத்தனை மணி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108க்கு அழையுங்கள்.

அன்புடன்,
ஒரு பொதுமருத்துவர்